நாலு அரை மணி நேரம்

டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணே, ஓடவும் ஆசை, பாடி ஏத்தவும் ஆசை. வாரத்துல நாலு நாள், அரை மணி நேரம் கிடைச்சாலே பெருசு. எதை விடுறது?"

எதையும் விட வேண்டாம் என்றேன். ஓட்டம் தசையைத் தின்றுவிடும் என்று ஜிம்மில் யாரோ அவனைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், எடை மட்டும் தூக்கியவர்களுக்கு 10 வாரமும் வலு கூடியதையும், இரண்டும் செய்தவர்களுக்கு ஏழெட்டு வாரத்தில் அது நின்றுபோனதையும் காட்டினார். ஆனால் அவர்கள் வாரம் 5 நாள் எடை தூக்கி, 6 நாள் ஓட்டமும் சைக்கிளுமாக வதைபட்டவர்கள். இரண்டு மணி நேரக்காரனுக்கு அந்தக் கவலை எதற்கு?

நமக்கு உதவுவது ஹிக்சன் அதன்பின் செய்த வேலை. வாரம் 6 நாள், தினம் 40 நிமிடம் பழகியவர்களின் பயிற்சியைக் குறைத்துப் பார்த்தார். வாரத்தின் நாட்களை இரண்டாகக் குறைத்தாலும், இன்னொரு சோதனையில் நேரத்தை 13 நிமிடமாக்கினாலும், உடம்பு ஆக்சிஜனை இழுக்கும் உச்ச அளவு 15 வாரம் தாக்குப்பிடித்தது. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் சரிந்தது.

ஆகவே ஓட்டத்துக்கு இரண்டு நாள். ஒன்றில் 3 நிமிடம் மூச்சு வாங்க ஓடி, 2 நிமிடம் நடந்து, நாலு சுற்று. இன்னொன்றில் பேசிக்கொண்டே ஓடலாம்.

எடைக்கு இரண்டு நாள். வாசலில் இறக்கும் தண்ணீர் கேன் 20 லிட்டர். நிரம்பியிருந்தால் 20 கிலோவுக்கு மேல். இடுப்பைப் பின்னே தள்ளி, முதுகு வளையாமல், கேனை உடம்போடு ஒட்டித் தூக்கி இறக்கு. ஜிம்காரர்களின் டெட்லிஃப்டுக்கு அதுவே ஆரம்பப் பாடம். கூடவே பஸ்கி, தண்டால். பிறகு மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக் காலில் குதிகாலை ஏற்றி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். ஓடுபவர்கள் இதைக் கைவிடக் கூடாது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையைத் தரை திருப்பித் தருகிறது. கெண்டைக்காலுக்கு அதில் பெரும் பங்கு. கேன் லேசாகிவிட்டால் ஜிம்முக்குப் பணம் கட்டலாம்.

பஸ்கி போட்ட மறுநாள் வேக ஓட்டம் வேண்டாம். அப்படி ஓடிவிட்டு, மாடிப்படியில் நண்டுபோல் பக்கவாட்டில் இறங்கியவன் நான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 75 நிமிடம் கடும் உழைப்பு, 2 நாள் தசைப் பயிற்சி. தம்பியின் ஓட்டம், இடையில் நடப்பதையும் சேர்த்தாலும், 60 நிமிடத்தைத் தாண்டாது. மிச்சத்துக்குக் குறைந்தது அரை மணி நேர வேகநடை வேண்டும். பஸ் ஸ்டாப் அவன் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. இதுவரை அவன் அங்கே பைக்கில் போய்க்கொண்டிருக்கிறான்.