வாசல் தாண்டாமலே கிடைத்த அதிசயங்கள்... தெரியுமா?

ஐந்து வருஷம் கப்பலில் உலகத்தைச் சுற்றிய சார்லஸ் டார்வின், 1836-இல் நாடு திரும்பியபின் பிரிட்டனை விட்டு ஒரு தடவைகூட வெளியே போகவில்லை, தெரியுமா? 1842-இல் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். சாகும்வரை, 40 வருஷம், அதே வீடுதான்!

அங்கே அவரை மயக்கியது எது? மண்புழு! தொட்டிகளில் வளர்த்து, அதற்குக் காது கேட்குமா என்று சோதித்தார். விசில் ஊதினார்கள், கத்தினார்கள், பக்கத்திலேயே பியானோவை ஓங்கி வாசித்தார்கள். புழு அசையவே இல்லை. அதே தொட்டியைப் பியானோ மேலேயே தூக்கி வைத்து ஒரு கட்டையை அழுத்தியதுதான் தாமதம், சடாரென்று வளைக்குள் போய்விட்டது! காது கேட்காது, அதிர்வு தெரியும்.

இன்னும் கேளுங்கள். வீட்டருகே ஒரு வயலில் 1842-இல் உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பிவைத்தார். 1871-இல் அங்கே பள்ளம் தோண்டினால், 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகக் கிடக்கிறது! மேலே மூடியிருந்த மண் அத்தனையும் புழுக்கள் கொண்டுவந்து கொட்டியது. ஒரு பதிலுக்காக 29 வருஷம் ஒரே வயலோரம் நிம்மதியாகக் காத்திருந்தாரே, எனக்கு அவருடைய கப்பல் பயணத்தைவிட இதுதான் பெரிய சாகசம்.

யுரேனஸ் கிரகம் ஒரு வீட்டுக் கொல்லையில் கண்டுபிடிக்கப்பட்டது, தெரியுமா? இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர் வில்லியம் ஹெர்ஷல். தொலைநோக்கிக்கான ஆடியைத் தானே வார்த்து, தானே தேய்த்தார். ஒருமுறை 16 மணி நேரம் ஆடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தங்கை கரோலின்தான் சோற்றை வாயில் ஊட்டினார்! 1781 மார்ச் 13 இரவு, தோட்டத்தில் நின்றபடி ஒரு புதுப் புள்ளியைப் பார்த்தார். மனிதன் அறிந்த சூரியக் குடும்பம் அந்தக் கொல்லையிலிருந்து இரண்டு மடங்கு விரிந்தது!

லெஸ்டர் நகரத்தில் ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் 1972 முதல் 2001 வரை தன் வீட்டுத் தோட்டத்தையே கணக்கெடுத்தார். மொத்தமே சுமார் 18 சென்ட். கிடைத்தது எத்தனை தெரியுமா? 2,673 வகை உயிர்கள்! அதில் பூச்சி மட்டும் 1,997 வகை.

தோட்டம்கூட இல்லையா? கவலையே வேண்டாம். 1790-இல் வாள்சண்டை போட்டதற்காக டூரின் நகரில் 42 நாள் வீட்டுக்காவலில் இருந்த சேவியர் த மேஸ்திர், தன் அறையையே சுற்றிப் பார்த்து 42 அத்தியாயத்தில் பயணநூல் எழுதிவிட்டார்!

சரி, நம் வீட்டுக்கு வருவோம். திண்ணையோரம், மழை படாத பொடிமண்ணில் சின்னச் சின்னதாய்ப் புனல் மாதிரி குழிகள் இருக்குமே, அதைத் தோண்டுவது பின்பக்கமாகவே நகரும் ஒரு புழு. அடியில் தாடையைத் திறந்து காத்திருக்கும். எறும்பு சறுக்கினால் மண்ணை வீசி வீசியே கீழே தள்ளும்; பிடித்துச் சாற்றை உறிஞ்சும். தின்றதன் கழிவை மாதக்கணக்கில் வயிற்றிலேயே வைத்திருந்து, தட்டான் போலச் சிறகு முளைத்த பிறகுதான் வெளியேற்றும்! இன்றைக்கே குழியின் விளிம்பில் ஒரு துரும்பால் நாலு மணல்துகளைத் தட்டிவிட்டுப் பாருங்கள். உள்ளேயிருந்து மணல் எகிறிவரும்!