ஒத்திக்கு முன் ஓர் ஆடி மாதம்

கைக்குழந்தையோடு வீடு தேடுகிறீர்களா? கம்பம், கூடலூர்ப் பக்கம் பலரும் சித்திரை லீவில்தான் வீடு பார்க்கிறார்கள். அப்போது எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். வெள்ளையும் அடித்து வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சாரல் பட்ட மேற்குச் சுவர் ஈரம் இழுத்து, பீரோவுக்குப் பின்னால் பூசணம் பிடிக்கும். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால், இரைப்பு உள்ள குழந்தைக்கு மூச்சுக்குழல் சுருங்கி ராத்திரியில் விசில் சத்தம் கேட்கும். மருந்து கொடுக்கலாம், சுவர் அப்படியே இருந்தால் நானும் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் கஷாயம் தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சிக்கலே ஒத்தியில்தான். மொத்தப் பணத்தையும் கொடுத்து மூன்று வருஷத்துக்கு எழுதிவிட்டால், பிள்ளை இரைத்தாலும் பாதியில் கிளம்புவது கஷ்டம். முதல் வருஷம் மாத வாடகைக்கு இருந்து பாருங்கள். 2019-இல் அமலான தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது.

நல்ல காற்று என்று திராட்சைத் தோட்டத்தை ஒட்டி வீடு பிடிக்கிறவர்களும் உண்டு. பந்தலுக்கு மருந்தடிக்கும் அன்றைக்கு வாசனை எந்த வீடு வரைக்கும் வருகிறது என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேளுங்கள். புரோக்கரிடம் அல்ல!