சாகாமல் தப்பிய கறுப்பு நாயகன்

1971-ல் அமெரிக்காவில் ஒரு படம் வெளியானபோது, அதைத் திரையிட இரண்டே தியேட்டர்கள்தான் கிடைத்தன. ஒன்று டெட்ராய்ட்டில், இன்னொன்று அட்லாண்டாவில். படத்தின் பெயர் 'ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்'. எழுதி, இயக்கி, இசையமைத்து, நாயகனாகவும் நடித்தவர் மெல்வின் வான் பீபிள்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். கைப்பணம் போதாமல் நடிகர் பில் காஸ்பியிடம் 50,000 டாலர் கடன் வாங்கித்தான் படத்தை முடித்தார். அது ஒரு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

கதை எளிமையானது. கறுப்பின இளைஞன் ஒருவனைப் போலீஸார் அடித்து நொறுக்குகிறார்கள். பொறுக்க முடியாத நாயகன், தன் கையில் மாட்டிய விலங்காலேயே அவர்களை அடித்து வீழ்த்திவிட்டு ஓடுகிறான். வழக்கமான சினிமாவில் இப்படிப்பட்டவன் கடைசியில் சுடப்பட்டுச் சாக வேண்டும். இவன் மெக்சிகோ எல்லையைத் தாண்டித் தப்பிவிடுகிறான். கைதட்டல் அதற்குத்தான். பிளாக் பாந்தர் கட்சி தன் பத்திரிகையின் ஓர் இதழையே இந்தப் படத்துக்கு ஒதுக்கியது. அந்தக் கட்சியின் பெயரைத் தழுவித்தான் 1972-ல் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் பிறந்தது.

அதே 1971-ல் வந்த 'ஷாஃப்ட்' படத்தின் தொடக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. துப்பறிவாளன் ஷாஃப்ட், தோல் கோட்டு அணிந்து, நியூயார்க்கின் நெரிசலான சாலையில் நடக்கிறான். ஓடும் கார்களுக்கு நடுவே புகுந்து போகிறான், யாருக்காகவும் ஒதுங்கவில்லை. அவ்வளவுதான் காட்சி. செருப்பணிந்து நடக்கக் கூடாத தெருக்களை அறிந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்த நடைக்கு ஒலிக்கும் பாட்டுக்காக ஐசக் ஹேய்ஸ் ஆஸ்கர் பெற்றார். இயக்குநர் கார்டன் பார்க்ஸ், கறுப்பின மக்களின் வறுமையைப் படமெடுத்துப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்.

காசு கொட்டுவதைப் பார்த்த ஸ்டுடியோக்கள் சும்மா இருக்குமா? துப்பாக்கி, போதை, பெண்ணுடல் என்று மலிவான படங்களை வரிசையாக இறக்கின. 'கறுப்பு', 'சுரண்டல்' இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒட்டி 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று இவற்றுக்குப் பெயர் வைத்தவர், கறுப்பின உரிமைப் போராளி ஜூனியஸ் கிரிஃபின். 'சூப்பர் ஃப்ளை' (1972) படத்தில் நாயகனே கோகெய்ன் வியாபாரி. நம் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்வார்கள் என்று கறுப்பின அமைப்புகள் கேட்டன.

நியாயமான கேள்வி. 'ஸ்வீட்பேக்' படத்திலேயே, சிறுவனை வைத்து எடுத்த தொடக்கக் காட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும், திருடனாக, வேலைக்காரனாக, கோமாளியாக மட்டுமே தங்களைத் திரையில் கண்டுவந்த மக்கள், முதன்முறையாக நிமிர்ந்து நின்ற ஒருவனைக் கண்டார்கள். பெண்களுக்கும் 'காஃபி' (1973) படத்தின் பாம் கிரியர் கிடைத்தார். போதைக் கும்பலைத் தனியாளாகப் பழிவாங்கும் நர்ஸ் அவர். குவென்டின் டாரன்டினோ 1997-ல் 'ஜாக்கி பிரவுன்' எடுத்தபோது, அவரையே தேடிப்போய் நாயகியாக்கினார்.

கேமராவுக்குப் பின்னால் நடந்ததும் முக்கியம். அப்போது ஹாலிவுட் தொழிற்சங்கங்களில் வெள்ளையர்களே நிறைந்திருந்தார்கள். ஆபாசப் படம் எடுப்பதாகச் சொன்னால் சங்கங்கள் கண்டுகொள்ளாது. வான் பீபிள்ஸ் அப்படியே சொல்லிவிட்டு, கறுப்பினத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டு 19 நாளில் படப்பிடிப்பை முடித்தார்.