தேயாத டயருக்கும் வயதாகும்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கின. இடையில் ஐந்து ஆண்டுகள், வாசலில் நின்ற பழைய கார்தான் ஒரே கார். 2022 நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல்தான். திருகோணமலை நகரை ஒட்டிய பாலையூற்றில் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போய்வந்ததோடு பல கார்களின் ஓட்டம் முடிந்தது. ஓடாத டயர் தேயாது. இன்று கடைக்காரர் "இதை மாத்துங்கோ" என்றால், "தேயல்லையே அண்ணன், ஏன் மாத்துவான்?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. தவாளிப்புகள் ஆழமாகத்தான் இருக்கின்றன.

கோளாறு அதற்கு அடியில். டயரைக் குறுக்கே வெட்டினால், வீதியில் உருளும் மேல்தோலுக்குக் கீழே இரண்டு உருக்குக் கம்பிப் பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கம்பிக்குப் பித்தளைப் பூச்சு உண்டு. இரண்டையும் ஒட்டிப் பிடித்திருப்பது பெரும்பாலும் இயற்கை இறப்பர். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே கட்டி வைத்திருப்பதால்தான் அது இழுபட்டு மீள்கிறது. ஒட்சிசன் நுழைந்தால் சில சங்கிலிகள் அறுந்துபோகும், வேண்டாத இடங்களில் புதிய கட்டுகள் விழும். இறப்பர் இறுகி, இழுபடும் குணத்தை இழக்கும். பட்டிகளின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று தொடங்கி ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் உள்ளே நகரும். முற்றினால், வேகமாக ஓடும்போது மேல்தோல் பட்டியோடு சேர்ந்து உரிந்துவிடும்.

இந்த ஒட்சிசனில் பெரும்பகுதி நாம் காசு கொடுத்து அடிக்கும் காற்றில் இருப்பது. 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் டயருக்குள் உள்ள காற்று வெளிக்காற்றைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நெருக்கமானது. ஒட்சிசனும் அதே அளவு நெருக்கத்தோடு இறப்பரைத் தள்ளுகிறது. உட்புறத்து பியூட்டைல் இறப்பர் படலம் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நைதரசன் அடிப்பதை வியாபாரத் தந்திரம் என்று முழுதாக ஒதுக்கவும் முடியாது. ஆய்வுகூடச் சோதனைகளில் நைதரசன் நிரப்பிய டயர்கள் மெதுவாகவே மூத்தன. ஆனால் அதற்காக ஆறு வருட டயர் பத்து வருடம் ஓடும் என்று கணக்குப் போடக் கூடாது.

2000 ஓகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் போர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில், மேல்தோல் உரிந்து நிகழ்ந்த விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. தயாரிப்பு, வடிவமைப்பு, குறைந்த காற்றழுத்தம் என்று காரணங்கள் பல. என்றாலும் விபத்துகள் வெப்பமான தென்மாநிலங்களில் குவிந்திருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. பிறகு அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம், அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஓடிய டயர்களைக் கழற்றி ஆராய்ந்தது. வெப்பமே மூப்பை விரட்டுகிறது என்று தெரிந்தது. அது ஆராய்ந்த ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்கில், டயர் தொடர்பான கோரிக்கைகளில் 77 வீதம் ஐந்து வெப்ப மாநிலங்களிலிருந்து வந்தவை. அவற்றில் 84 வீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள்.

இரசாயனத் தாக்கங்களுக்கு ஒரு பொது விதி உண்டு: வெப்பநிலை 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். இங்கிலாந்தின் ஆண்டுச் சராசரி சுமார் 10 பாகை, திருகோணமலையில் 28. இந்த விதியை அப்படியே போட்டால் இங்கே மூப்பு மூன்று மடங்குக்கு மேல் வேகம். ஓடும்போது டயர் தானே சூடாவதால் உண்மையான வேறுபாடு குறையலாம். ஆனால் நிறுத்தி வைத்த காருக்குக் கணக்கு ஓரளவு பொருந்தும். அரிசோனா வெயில் நம்முடையதைவிடக் கொடியது, ஆனால் அங்கே குளிர்காலம் வரும். கச்சான் காற்று அனலாய் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பாலையூற்றில் தார் வீதியைத் தொட முடியாது. மார்கழியிலும் ஸ்வெட்டர் தேவைப்படாது.

1876-இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் கம்பகாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்ட காலத்திலிருந்து இறப்பர் இந்நாட்டின் ஈரவலயப் பயிர். களுத்துறையிலும் கேகாலையிலும் மழையில் வளரும் மரத்தின் பாலை வாங்கி, உலர்வலயத்து வெயிலில் உருட்டுகிறோம்.

பக்கச்சுவரைத் தாக்குவது ஓசோன். அதைத் தடுக்க டயரில் மெழுகும் 6பிபிடி என்ற இரசாயனமும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது இவை மேற்பரப்புக்கு வந்து கவசமாகும். பழைய டயரில் படியும் மண்ணிறம் பல வேளைகளில் அழுக்கல்ல, வேலை முடித்த 6பிபிடி. நின்றே கிடக்கும் காரில் இந்த நகர்வு குறைவதால், மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் டயரில் வெடிப்புகள் சீக்கிரம் தெரிகின்றன.  

எத்தனை வருடம்தான் பாதுகாப்பு? பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டு என்கின்றன. ஐந்தாம் ஆண்டிலிருந்து வருடாந்தம் பரிசோதி, பத்தில் கட்டாயம் கழற்று என்கிறது மிச்செலின். நம் கார்களில் பெரும்பாலானவை வந்த ஜப்பானிலும் பத்துதான் பரிந்துரை. 2012-இல் இங்கிலாந்தில் இசைவிழா முடித்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பஸ் மரத்தில் மோதி மூவர் இறந்தனர். வெடித்த முன் டயருக்கு வயது பத்தொன்பதரை, பஸ்ஸைவிட மூத்தது. அன்றைய சட்டப்படி அது குற்றமில்லை. மகனை இழந்த பிரான்சிஸ் மொலோய் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2021 பெப்ரவரியில் லொறி, பஸ் முன்சில்லுகளில் பத்து வயதைத் தாண்டிய டயர் அங்கே தடைசெய்யப்பட்டது. அந்தப் பத்து, குளிர்நாட்டுப் பத்து. நம் கரையில் ஆறையே எல்லையாகக் கொள்வது நல்லது என்பேன். வெயிலில் நிற்கும் காருக்கு அதற்கும் முன்பே.

வயதை டயரே சொல்லும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3517 என்றால் 2017-இன் 35-ஆவது வாரம். வெளிப்பக்கத்தில் இல்லையென்றால் உட்பக்கம் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். மூன்றே இலக்கமென்றால் அது போன நூற்றாண்டு டயர், பேசாமல் கழற்றிவிடுங்கள். பாவித்த டயர் வாங்குகிறவர் விலை பேசுமுன் இதைப் படிக்க வேண்டும். றீபில்ட் டயரில் மேல்தோல் மட்டுமே புதிது, உள்ளே இருக்கும் பட்டிகள் பழையவை. ஆண்டுதோறும் எடுக்கும் புகைச் சான்றிதழ் டயரின் வயதைக் கேட்பதில்லை.

இறுகிய டயர் வெடிக்காவிட்டாலும் வழுக்கும். ஈரவீதியில் பிடிப்பு வருவது இறப்பர் நெகிழ்ந்து வீதியின் சொரசொரப்பில் படிவதால்தான். ஐந்து மாதம் வெந்த டயர் ஒக்டோபரில், எண்ணெயும் தூசியும் படிந்த வீதியில் முதல் மழையைச் சந்திக்கிறது. இரண்டே புது டயர் வாங்க வசதியிருந்தால் அவற்றைப் பின்னால் போடுங்கள். பின்சில்லு வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், திருப்பிப் பிடிப்பது கடினம்.

டிக்கிக்குள் கிடக்கும் ஸ்பெயார் சில்லை யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலும் அது காரோடு பிறந்தது, அதே வயது. சிறிய தற்காலிகச் சில்லு என்றால் அதில் 60 பி.எஸ்.ஐ. அடிப்பார்கள், ஒட்சிசனின் நெருக்கமும் அதற்கேற்ப அதிகம். மூடிய டிக்கியின் சூடு வேறு. கந்தளாய் தாண்டி ஹபரணக் காட்டுப் பாதையில், யானை குறுக்கிடும் நேரத்தில், அதைத்தான் மாட்டப் போகிறீர்கள். புதிதாக இருந்தாலே அந்தச் சில்லுக்கு மணிக்கு 80 கிலோமீற்றர்தான் எல்லை. பன்னிரண்டு வயதென்றால் அடுத்த டயர் கடை வரை நாற்பதில் போங்கள்.