இரும்புக்கும் களைப்பு வருமா? 123 உயிர்களைப் பறித்த ஒரு வெல்டிங் விரிசல்!

ஒரு கட்டுக்கம்பியை இழுத்து அறுக்கப் பாருங்க, முடியாது. அதையே முன்னும் பின்னுமாக மடக்கிக்கிட்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் பட்டென்று முறிந்துவிடும். பாலம், கிரேன், கப்பல் என உருக்கால் ஆன எதற்கும் இந்த ஆபத்து உண்டு. சின்னச் சுமைதான், ஆனால் லட்சக்கணக்கான முறை வந்து போகும். இதைத்தான் பொறியாளர்கள் 'ஃபட்டீக்', அதாவது உலோகக் களைப்பு என்கிறார்கள்.

என்ன நடந்தது?

1980 மார்ச் 27. வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த நார்வேயின் 'அலெக்சாண்டர் கீலண்ட்' மிதவை மேடை புயலில் சிக்கியது. அதன் ஐந்து கால்களில் ஒன்று பிய்த்துக்கொண்டு போக, மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் பலியானார்கள்.

காலைத் தாங்கிய குழாய் ஒன்றில், ஒலியைக் கேட்கும் கருவியைப் பொருத்தப் போட்ட வெறும் 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில்தான் விரிசல் தொடங்கியது என்பது விசாரணையில் தெரியவந்தது. விரிசலுக்குள் பெயிண்டும் இருந்தது! அப்படியென்றால், பெயிண்ட் அடிக்கும் முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. பிறகு அலைகள் அதை மெல்ல மெல்ல வளர்த்துவிட்டன.

வெல்டிங்கில் மட்டும் ஏன்?

வெல்டிங் ஓரத்தில் வடிவம் சட்டென்று மாறுவதால் அழுத்தம் அங்கே குவியும். உருகிய உலோகம் ஆறும்போது உள்ளே ஒரு இழுவிசையும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் குறைகளும் அங்கே ஒளிந்திருக்கலாம்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

உருக்குத் துண்டிலோ வெல்டிங் செய்த துண்டிலோ சின்ன வெட்டுப் போட்டு, இயந்திரத்தில் மாட்டி, விசையை விடாமல் ஏற்றி இறக்குவார்கள். வெட்டின் நுனியில் விரிசல் பிறந்ததும், எத்தனை சுற்றுக்கு அது எவ்வளவு நீள்கிறது என்று அளப்பார்கள். தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வளராது.

ஆனால் அசந்துவிடக் கூடாது. 1960களில் பால் பாரிஸ் கண்டறிந்த விதிப்படி, விரிசல் நுனியில் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் இரு மடங்கானால், உருக்கில் விரிசல் வளரும் வேகம் சுமார் 8 மடங்காகும். விரிசல் நீள நீள அந்த ஏற்ற இறக்கமும் கூடும். அதனால்தான் முதலில் நத்தை மாதிரி நகரும் விரிசல், கடைசியில் பாய்கிறது.

இதனால் என்ன பயன்?

ஆய்வில் கண்ணுக்குத் தப்பும் அளவு விரிசல், ஆளைக் கொல்லும் அளவுக்கு வளர எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிடலாம். அதற்குள் ஒன்றுக்கு இரண்டு முறை ஆய்வு நடக்கும்படி நாள் குறிக்கலாம். 'விரிசலே இல்லை' என்று நம்புவதை விட, 'இருக்கிறது' என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு. 'பாரம் தாங்காத சின்ன வெல்டிங்தானே' என்று எதையும் விட்டுவிட முடியாது.