பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் பிபி: அளந்த எண் மருத்துவரிடம் போகிறதா?

பக்கவாத சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியல் இருக்கும். பிபி எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது பல நேரம் இருக்காது. அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பிபி மெஷின் வாங்கப் போகலாம்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒருமுறை பக்கவாதம் வந்தவரை மறுபடி தாக்குவதில் ரத்தக் கொதிப்புக்குப் பெரும் பங்கு. பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 6,105 பேரிடம் நடந்த ‘புராக்ரஸ்’ ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. மாத்திரையால் மேல் அளவு சராசரியாக 9, கீழ் அளவு 4 குறைந்ததற்கே, மறுபடி வரும் பக்கவாதம் 28 சதவீதம் குறைந்தது.

மாதம் ஒருமுறை கிளினிக்கில் பார்த்தால் போதாதா? டாக்டர் உபேந்திர கவுல் தலைமையில் நடந்த ‘இந்தியா ஹார்ட் ஸ்டடி’யின் முடிவு 2019-இல் வந்தது. ரத்த அழுத்த மாத்திரை எடுக்காத 18,918 பேருக்கு கிளினிக்கிலும் வீட்டிலும் அளந்து பார்த்தார்கள். 42 சதவீதம் பேருக்கு இரண்டும் முரண்பட்டன. சிலருக்கு மருத்துவர் முன்னால் மட்டும் ஏறியது. சிலருக்கு அங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறியது. இரண்டாவது வகையைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும், யார் கண்ணிலும் படாமல் போவதால்.

பக்கவாதம் வந்தவருக்கு அளப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. செயலிழந்த கையில் தசை இறுகியோ தளர்ந்தோ இருப்பதால் அளவு தவறலாம். நல்ல கையில்தான் பட்டையைச் சுற்ற வேண்டும். ஆனால் நல்ல கையில் சுற்ற மற்றொரு கை வேண்டுமே! தனியாகச் செய்யச் சொல்வது கொடுமை. புனேயில் வேலை பார்க்கும் மகனோ மருமகளோ ஹிஞ்சவடி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புமுன், காலை மாத்திரைக்கும் காபிக்கும் முன்பாக அளந்துவிடலாம். மாலையில் இரவு உணவுக்கு முன் இன்னொரு தடவை. துணைக்கு ஆளே இல்லாத வீட்டில், கையை நுழைத்தால் போதும் என்கிற விறைப்பான பட்டை உள்ள மெஷின் உதவும். மணிக்கட்டில் கட்டும் வகையைவிட மேல் கையில் கட்டுவதே நம்பத்தக்கது. பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

சிறுநீர் கழித்துவிட்டு, முதுகுக்கு அணை கொடுத்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதவும். நாடித் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு மெஷின் தடுமாறும். அவர்கள் மூன்று முறை அளந்து, மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் வாரத்துக்கு முன் ஏழு நாள் இப்படி எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். கிளினிக்கின் 140/90 வீட்டுக் கணக்கில் 135/85. பக்கவாதம் வந்த பலருக்கு 130/80-க்குக் கீழே என்று இலக்கு வைக்கிறார்கள். உங்களுக்கு எது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புனேயின் டிசம்பர் குளிரில் அளவு சற்று ஏறலாம். அப்பளமும் ஊறுகாயும் மிசலின் மேல் தூவும் ஃபர்சாணும் சேர்ந்த வாரத்திலும் ஏறலாம்.

இவ்வளவும் செய்து நோட்டு அலமாரியிலேயே கிடந்தால் பயனில்லை. பிரிட்டனில் பக்கவாதம், இதய நோய், சர்க்கரை நோய் போன்றவை உள்ள 552 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. வீட்டில் அளந்து, இந்த அளவைத் தாண்டினால் இந்த மாத்திரையைக் கூட்டலாம் என்று மருத்துவரோடு முன்பே பேசி வைத்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட ஓராண்டில் மேல் அளவு 9.2 குறைவாக இருந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியன் வழிநடத்திய ‘ஸ்பிரிண்ட் இந்தியா’ வேறு வழியில் முயன்றது. 31 மையங்களில் 4,298 பேர்; குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு எல்லாம் 12 மொழிகளில். 2023-இல் வந்த முடிவில், அவற்றைப் பெற்றவர்களுக்கு மறு பக்கவாதம் குறையவில்லை. அறிவுரை மட்டும் அழுத்தத்தை இறக்காது. மருந்துச் சீட்டு மாற வேண்டும் என்றே நான் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன்.

புனேக்குப் பக்கத்து மாவட்டமான சாதாராவில் மருந்துச் சீட்டை மாற்றும் அந்த வேலை நடந்திருக்கிறது. 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் அதுவும் ஒன்று. முதலில் எந்த மருந்து, குறையாவிட்டால் அடுத்து எது என்று அரசு மருத்துவமனைகளுக்கு ஒரே வரைமுறையை அது வகுத்தது. தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை தருகிறது. ஊரில் அந்த வசதியைப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் வந்து சேர்ந்த பெற்றோருக்கு, புனேயில் அந்த இடத்தைக் குடும்பம்தான் நிரப்ப வேண்டும். மராத்தி தெரியாத அம்மாவும் நோட்டை நீட்டலாம். தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடி என்று எழுதியிருந்தால் எந்த மருத்துவருக்கும் புரியும்.

மெஷின் 180/120-க்கு மேல் காட்டினால், வேறு தொந்தரவு இல்லாதபோது ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, குறையாவிட்டால் அன்றே மருத்துவரை அழையுங்கள். நீங்களாக இன்னொரு மாத்திரை போடாதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் பழைய வழக்கமும் வேண்டாம். சட்டென்று இறங்கும் அழுத்தம் மூளைக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ பிபி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். நன்றாக இருந்ததாகக் கடைசியாகப் பார்த்த நேரம் எது என்பதே அங்கே முதலில் கேட்கும் கேள்வி.