முதலில் வாங்க வேண்டிய கல்

பாரிஸிலிருந்து அண்ணன் காரைக்காலுக்குக் கொண்டுவந்த ஜப்பானியக் கத்தி, வஞ்சிரத்தின் நடுமுள்ளில் பட்டு விளிம்பு உதிர்ந்தது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். தீப்பொறி பறந்தது, விளிம்பு நீலம் பாரித்தது. அந்தச் சூட்டில் எஃகின் உறுதியே போய்விடும். அழுகை வந்தது எனக்கு. நீலம் பாய்ந்த இடத்தையெல்லாம் 220 எண் கல்லில் நாள்கணக்கில் தேய்த்துக் கழித்தேன்.

இந்த எஃகு மிகக் கடினமானது. அதனால்தான் வளையாமல் உதிர்கிறது. நனைத்த கல்லில், கையால் தீட்டுவதே நல்லது. எண் கூடக் கூடக் கல் நைசாகும். சின்னச் சின்ன உதிர்வுக்கு 400, அன்றாடக் கூருக்கு 1000, மெருகுக்கு 3000 முதல் 6000. சாய்வு சுமார் 15 டிகிரி: 5 செ.மீ. அகலக் கத்தியானால், முதுகு கல்லைவிட்டு ஒன்றேகால் செ.மீ. உயர்ந்திருக்கும். மறுபக்கம் பிசிறு விரலில் தட்டும்வரை தேய்த்துவிட்டுத் திருப்புங்கள்.

ஒரே ஒரு கல்தான் வாங்க முடியுமென்றால், 1000 வாங்குங்கள்.